திரும்ப அழைக்கும் உரிமை

எங்கள் அரசாங்கத்தில் வெளிநாடுகளுக்கு உதவி செய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. நானூறு பேர் வேலை பார்க்கிறார்கள். அந்த நானூறு பேரில் ஒருவருக்காவது குழாய்க்கு வாஷர் மாற்றத் தெரியுமா என்றால், தெரியாது. நான் இருப்பது குடிநீர்த் துறை. வாஷர் மாற்றுவதிலிருந்து ஒரு நகரத்துக்கே நீரேற்றுவது வரை தெரிந்தவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் ஒழுகினால்கூட நாங்களாகப் போய்த் திருகிவிட்டு வர முடியாது. சட்டம் இடம் கொடுக்காது. அதனால் உதவித் துறை எங்களிடம் ஆள் கேட்கும். யார் போகிறார்கள், எத்தனை நாள், அங்கே யார் சொல்வதைக் கேட்க வேண்டும், ஆபத்து வந்தால் யார் திரும்ப அழைப்பது என்று எல்லாவற்றையும் எழுதி இரண்டு துறைத் தலைவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். இதுதான் துறைகளுக்கிடையிலான ஒப்பந்தம். எங்கள் பக்கத்தில் அதை எழுதுகிறவள் நான்.

பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். அலுவலகத்தில் எனக்கு முட்டுக்கட்டை என்று பட்டப்பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு இன்றைக்கும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். பேசிக்கொள்ளட்டும். நான் முட்டுக்கட்டை போட்டதால்தான் இங்கிருந்து போன ஒவ்வொருவனும் முழுசாக வீடு வந்து சேர்ந்தான் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

அந்தத் திமிருக்குக் காரணம் பதினான்காம் ஷரத்து. ‘ஆபத்து நேரலாம் எனக் கருதினால், குடிநீர்த் துறை ஒரு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் தன் பணியாளர்களைத் தானே திரும்ப அழைத்துக்கொள்ளலாம்.’ இவ்வளவுதான். இந்த ஒரு வரிக்காக நான் உதவித் துறையோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் ஒத்துக்கொண்டார்கள். அதன் பிறகு எழுதிய எல்லா ஒப்பந்தத்திலும் அது இருந்தது.

உதவித் துறையில் எனக்கு எதிர்ப்பக்கம் இருந்து எழுதுகிறவர் இணைப்பு சார். ஒப்பந்தம் பத்துப் பக்கம் என்றால் அவர் கட்டும் இணைப்புகள் நாற்பது பக்கம் வரும். அதனால் அந்தப் பெயர். நெட்டையான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. பதினோரு வருடத்தில் சார், மேடம் என்பதைத் தாண்டி நாங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டதில்லை. ஆனால் என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். என் தம்பி கல்யாணத்தில் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றவரும் அவர்தான். அவருடைய மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் பதினாறையும் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தவள் நான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். வாசகம் முடிவானதும் தொலைபேசியில் ஆளுக்கொரு ஷரத்தாக உரக்கப் படிப்போம். ஒற்றைப்படை எண் அவருக்கு, இரட்டைப்படை எனக்கு. அவர் ஒரு வார்த்தையை விழுங்கினால் நான் பிடிப்பேன், நான் அவசரப்பட்டால் அவர் இருமுவார். பிறகு அவர் அச்செடுப்பார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நாங்கள் இருவரும் சுருக்கொப்பம், அதாவது இனிஷியல், போட வேண்டும். தலைவர்கள் கடைசிப் பக்கத்தில் மட்டும்தான் கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் சுருக்கொப்பம் இருந்தால் அவர்கள் உள்ளே புரட்டிப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு தொல்லை. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே தபால் வண்டி நாளைக்கு ஒரு நடைதான்; ஒப்பந்தப் பக்கங்களை வேறு வழியில் அனுப்ப விதியில்லை. ஒரு பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை வந்தாலும் அந்தப் பக்கம் போய்த் திரும்ப இரண்டு நாள் ஆகும். வெள்ளத்தில் நிற்கிறவர்களிடம் போய் எழுத்துப் பிழை திருத்துகிறோம் என்று சொல்ல முடியுமா? அதனால் நாங்கள் இருவரும் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். அடியில் என் சுருக்கொப்பம் மட்டும் போட்ட இருபது வெற்றுத்தாள்கள் அவர் மேசையில் இருக்கும். அவருடையவை இருபது என் இழுப்பறையில் இருக்கும். பிழை என்றால் போன் செய்து சொல்லிவிட்டு, திருத்திய பக்கத்தை அந்தத் தாளில் அச்சடித்துச் சொருகிவிடுவோம். வெளியே தெரிந்தால் இருவருக்கும் வேலை போகும். பதினோரு வருடத்தில் என்னிடம் சொல்லாமல் அவரோ, அவரிடம் சொல்லாமல் நானோ ஒரு தாளைக்கூடத் தொட்டதில்லை. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கவே யோசிக்கிறவள் நான். அவரிடம் இருபது தாள் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் அண்டை நாடு ஒன்றில் நிலம் நடுங்கியது. மலையடிவாரத்தில் ஒரு நகரம். அதன் நீரேற்று நிலையங்கள் மூன்றும் நொறுங்கிவிட்டன. நாற்பதாயிரம் பேர் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். உதவித் துறை ஆறு பேரைக் கேட்டது. ஒரு பொறியாளர், தண்ணீரைப் பரிசோதிக்கிறவர் ஒருவர், ஒரு மின்பணியாளர், ஒரு வெல்டர், இரண்டு பம்பு மெக்கானிக்குகள். அந்த மெக்கானிக்குகளில் ஒருவன் என் தம்பி.

நான் அவன் பெயரைச் சொல்லவில்லை. அவனே போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். மாடியில் நான், கீழே அவன் குடும்பம். அன்று சாயங்காலம் அவன் மனைவி படியேறி வந்தாள்.

“அண்ணி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. அந்த நாட்டுல ஏற்கெனவே ரெண்டு கூட்டம் முட்டிக்கிட்டு நிக்குதுன்னு பேப்பர்ல போடுறான். இவருக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?”

பின்னாலேயே வந்த தம்பி, “பம்பைப் பிரிச்சு மாட்டத்தான் போறேன். துப்பாக்கி தூக்கிக்கிட்டா போறேன்?” என்றான்.

“உங்களைக் கேக்கல. அண்ணியைக் கேக்குறேன்.”

பேப்பரை நானும் படித்திருந்தேன். ஆனால் என் எழுத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. “பதினாலாம் ஷரத்து இருக்கும்மா. நான் எழுதுனது. லேசா ஏதாவது வாடை அடிச்சாலும் மறுநாளே எங்க ஆபீஸ் கூப்பிட்டுக்கும். யாரையும் கேக்க வேண்டியதில்ல. என் தம்பியை நான் சும்மா அனுப்பிடுவேனா?”

“உங்க வார்த்தையை நம்பித்தான் அண்ணி விடுறேன்.”

ஒன்பது நாளில் ஒப்பந்தம் தயாரானது. வழக்கம் போல் தொலைபேசியில் படித்தோம். பதினான்கு இரட்டைப்படை, நான்தான் படித்தேன். “சரி மேடம், அடுத்தது” என்றார் இணைப்பு சார். மறுநாள் வந்த அச்சுப் பக்கங்களில் சுருக்கொப்பம் போட்டு அனுப்பினேன். அதற்கு இரண்டு நாள் கழித்துக் கையெழுத்தெல்லாம் முடிந்த பிரதி தபால் வண்டியில் வந்தது. படித்துவிட்டதுதானே என்று பிரிக்காமல் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதைத்தான் இப்போது நினைத்து நினைத்து என் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

ஆறு பேரும் போனார்கள். முதல் நாற்பது நாள் நன்றாகத்தான் போயிற்று. ஒரு நிலையம் ஓட ஆரம்பித்தது. இரண்டாவதில் பம்பை இறக்கிவிட்டார்கள். தினமும் காலை பத்து மணிக்கு அங்கிருக்கும் செயற்கைக்கோள் தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசலாம். தம்பி தன் மகளிடம் மூன்று நிமிடம் பேசுவான். மீதி இரண்டு நிமிடத்தை அவன் மனைவியும் நானும் பங்கு போட்டுக்கொள்வோம்.

நாற்பத்தோராம் நாள் அந்த நகரத்தின் மேல் சண்டை வந்து விழுந்தது. மேட்டிலிருந்து ஒரு கூட்டம் சுட்டது, பள்ளத்திலிருந்து இன்னொரு கூட்டம் சுட்டது. நடுவில் எங்கள் நீரேற்று நிலையம். பம்பு அறைச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது என்று பொறியாளர் தகவல் அனுப்பினார். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, “உடனே எழுதுங்க மேடம். எல்லாரையும் கூப்பிட்டுக்குவோம்” என்றார். பத்தே நிமிடத்தில் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினேன்.

மதியம் பதில் வந்தது. ‘ஒப்பந்தத்தின் பதினான்காம் ஷரத்தின்படி திரும்ப அழைக்கும் உரிமை உதவித் துறைக்கு மட்டுமே உரியது. தங்கள் கருத்து பரிசீலிக்கப்படும்.’

எனக்குச் சிரிப்புதான் வந்தது. எவனோ புதுசாக வந்தவன் வேறு கோப்பைப் பார்த்து எழுதியிருக்கிறான், பிரதியைக் காட்டி மூக்கை உடைப்போம் என்று அலமாரியைத் திறந்தேன். ஏழாம் பக்கம். ‘ஆபத்து நேரலாம் எனக் கருதினால், குடிநீர்த் துறை திரும்ப அழைக்குமாறு உதவித் துறைக்குப் பரிந்துரைக்கலாம். முடிவு உதவித் துறையுடையது.’ மூன்று தடவை படித்தேன். கீழே என் சுருக்கொப்பம். மற்ற பக்கங்களில் அது பக்க எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. இதில் மட்டும் வலது மூலையில், ஓரத்தோடு ஒட்டி இருந்தது. வெற்றுத்தாளில் மட்டும்தான் நான் அப்படிப் போடுவேன், அச்சு வந்து மேலே ஏறிவிடக் கூடாதே என்று.

நாற்காலி எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்து உட்கார்ந்தேன்.

இயக்குநரிடம் பக்கத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, “நீங்க பார்த்துத்தானே மேடம் இனிஷியல் போட்டீங்க?” என்று கேட்டார்.

“போட்டேன் சார்.”

“அப்ப நம்ம கையில ஒண்ணும் இல்லையே” என்று கோப்பை மூடினார். வெற்றுத்தாள் விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து உதவித் துறைக்குப் போனேன்.

நான்காம் மாடி. வரவேற்பில் பெயரெழுதி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, சுவர் முழுக்க நாடுகளின் படமும் அதில் குத்திய வண்ண ஊசிகளுமாக இருக்கும் அந்த நீளக் கூடத்தைக் கடந்து போனேன். எத்தனையோ தடவை சிரித்துப் பேசிக்கொண்டு நடந்த கூடம். இணைப்பு சார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வருவேன் என்று தெரிந்து காத்திருந்தவர் போலத்தான் இருந்தது.

“வாங்க மேடம். உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

ஏழாம் பக்கத்தின் நகலை மேசையில் போட்டேன். “இது எப்ப மாத்துனது?”

“நீங்க இனிஷியல் போட்டு அனுப்புன பக்கமெல்லாம் என்கிட்ட வந்த அன்னைக்கு சாயங்காலம்.”

“என்கிட்ட ‘சரி மேடம், அடுத்தது’ன்னீங்களே.”

“அப்ப அது சரியாத்தான் இருந்துச்சு. பக்கம் வந்த அன்னைக்கு நாலு மணிக்குத்தான் மேலேருந்து கூப்பிட்டாங்க. போன தடவை ஒரு துறை தன் ஆளுங்களைப் பாதியில இழுத்துக்கிச்சு, பம்பைப் பிரிச்சுப் போட்டபடியே விட்டுட்டாங்க, ஒரு ஆஸ்பத்திரிக்குப் பத்தொம்பது நாள் தண்ணி இல்லாமப் போச்சுன்னு அந்த நாட்டுக்காரங்க சொல்லிட்டாங்களாம். இந்தத் தடவை ஆளைக் கூப்பிடுற அதிகாரம் ஒரே துறைகிட்ட இருந்தா வாங்க, இல்லேன்னா வராதீங்கன்னு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீங்க ஒத்துக்கமாட்டீங்க.”

“ஒத்துக்கமாட்டேன்தான்.”

“அதனாலதான் சொல்லல.”

கண்ணைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து அந்த ஊசிப் படத்தின் மேல் வீச வேண்டும் போல் இருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் வேலை செய்வது போல் நடித்துக்கொண்டு காதை இங்கே வைத்திருந்தார்கள்.

“அந்தப் பட்டியல்ல என் தம்பி பேரு இருந்தது உங்களுக்குத் தெரியும்.”

“நாந்தானே டைப் பண்ணேன். அன்னைக்குத் தூக்கமே வரல மேடம்.”

“மறுநாள் வந்துச்சா?”

அவர் பையிலிருந்த பேனாக்களில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பையில் வைத்தார்.

“அவன் கல்யாணத்துல வாசல்ல நின்னீங்க சார். இப்படி நம்ப வச்சுக் கழுத்தறுப்பீங்கன்னு நான் கனவுலகூட நெனைக்கல.” இவர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். “நான் இப்பவே கண்காணிப்புப் பிரிவுக்குப் போறேன். வெற்றுத்தாள் கதையை மொத்தமாச் சொல்லிடுறேன். உங்க வேலையும் போகட்டும், என் வேலையும் போகட்டும்.”

“தாராளமாப் போங்க. நான் தடுக்கமாட்டேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணு யோசிச்சுக்குங்க. ஒரு பக்கம் பொய்னு ஆச்சுன்னா ஒப்பந்தம் மொத்தமும் செல்லாது. ஒப்பந்தம் இல்லேன்னா அந்த ஆறு பேரும் அங்க யாரு? ஊர் சுத்திப் பார்க்க வந்தவங்க. அந்த ஊர் ராணுவம் வாசல்ல காவல் நிக்கிறதும், நம்ம விமானத்துல ஏத்துறதும் ஒப்பந்தத்துக்காகத்தானே?”

அது மூன்றாம் ஷரத்து. அதையும் எழுதியவள் நானே. நான் எழுதியதை வைத்தே என் வாயைக் கட்டிவிட்டார். அவர் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். நான் தொடவில்லை.

“ஒருத்தரைக் கொண்டு வரலாம்” என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

“ரெண்டாம் இணைப்புதானே ஆள் பட்டியல். உடம்பு சரியில்லேன்னு ஒரே ஒரு பேரை எடுக்க நீங்களும் நானும் போதும். மேல போக வேண்டியதில்ல. வியாழக்கிழமை மருந்து ஏத்திட்டுப் போற சரக்கு விமானம் காலியாத் திரும்புது. ஒரு ஆளுக்கு இடம் இருக்கு.”

“மத்த அஞ்சு பேரு?”

“ரெண்டாவது பேரைத் தொட்டா எங்க மேலதிகாரிங்க குழுவுக்குப் போகும். மூணு நிலையமும் ஓடுற வரைக்கும் குழு யாரையும் விடாது.” அவர் கொஞ்சம் தயங்கினார். “உங்க தாள் இன்னும் பதினாறு என்கிட்ட இருக்கு. நீங்க சரின்னா அதுல ஒண்ணுல அடிச்சுடுறேன். இந்தத் தடவை கேட்டுட்டுத்தான்.”

நெடுநேரம் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். யோசிக்கவே இல்லை.

“எடுத்துக்குங்க.”

“என்ன நோய்னு போடட்டும்?”

“சிறுநீரகக் கல்.”

யாரோ முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தது போல் நாக்கில் வந்து நின்றது. அவர் அச்சடித்தார். நான் படித்துப் பார்த்தேன், ஒரு வரி விடாமல். மிச்சமிருந்த பதினைந்து தாள்களையும் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வாசல் வரை வந்தார். இனி இந்த ஜென்மத்தில் உங்களோடு பேச்சில்லை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

இனி தம்பியிடம் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அவன் வரமாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படி. பள்ளிக்கூடத்தில் மொத்த வகுப்பையும் வெயிலில் நிறுத்தினால் தனக்கு மட்டும் நிழல் வேண்டாம் என்பவன். அதனால் மறுநாள் காலை தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்து, பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டேன். பொய்யையும் ஷரத்து ஷரத்தாகத்தான் எழுத வந்தது.

“எல்லாரையும் கூப்பிட்டாச்சுடா” என்றேன். “ரெண்டு நடையா வர்றீங்க. நாளைக்கு வியாழக்கிழமை சரக்கு விமானம், ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம், அதுல நீ. சனிக்கிழமை சின்ன விமானம், மத்த அஞ்சு பேரும் அதுல.”

“பொறியாளர் சாரை முதல்ல அனுப்பலாமேக்கா. அவருக்கு வயசாச்சு.”

இதை நான் எழுதி வைத்திருக்கவில்லை. “பேரு போட்டாச்சு. இப்ப மாத்த நேரமில்ல.”

“சின்ன விமானம்னா சாமான் ஏத்துவானா?”

“மாட்டான். ஆள் மட்டும்தான்.”

அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டே மற்றவர்களிடம் சொல்வது கேட்டது. யாரோ விசிலடித்தார். ஒரே சிரிப்புச் சத்தம். பிறகு வெல்டர் போனை வாங்கி, “மேடம், நீங்க நல்லாயிருக்கணும். எங்களையெல்லாம் அம்போன்னு விட்டுடுவாங்கன்னு பயந்துக்கிட்டிருந்தோம்” என்றார். நான் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் தம்பி வருகிறான் என்ற சந்தோஷமும் கூடவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கீழே போய் அவன் மனைவியிடம் சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சரக்கு விமானங்கள் இறங்கும் பக்கம் போய் நின்றோம். தம்பி மனைவி, அவர்கள் மகள், நான். தகரக் கூரை, எடை போடும் மேடை, ஒரு சாளரத்துக்குப் பின்னால் ஓர் எழுத்தர். தம்பி வெளியே வந்தான். இளைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. தள்ளுவண்டியில் அவன் உயரத்துக்குப் பைகள் அடுக்கியிருந்தன. மகள் ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொண்டாள்.

“என்னங்க இவ்வளவு சாமான்?” என்று கண்ணைத் துடைத்தபடி கேட்டாள் அவன் மனைவி.

“எல்லார் பையும்தான். சனிக்கிழமை ஆள் மட்டும்தானே ஏறணும்? அதனால போட்டிருக்கிற துணியைத் தவிர எல்லாத்தையும் கட்டி என்கிட்ட குடுத்துட்டாங்க. குளிர் சட்டை, பூட்ஸ் எல்லாம் இதுல இருக்கு. பொறியாளர் சாரோட சர்க்கரை மருந்து, ஊசியெல்லாம்கூட இந்த நீலப் பையிலதான் இருக்கு. ரெண்டு நாளைக்கு மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுத்துட்டாரு.”

ரெண்டு நாளைக்கு, ரெண்டு நாளைக்கு என்று அதுவே தலைக்குள் ஓடியது.

“அப்புறம் ஒரு கூத்துக்கா” என்று சிரித்தான். “விமானத்துல ஒருத்தரு வந்து கல்லு வலிக்குதான்னு கேட்டாரு. என்ன கல்லுன்னேன். என் பேப்பர்ல சிறுநீரகக் கல்லுன்னு போட்டிருக்கான். வேற எவன் பேப்பரையோ மாத்திக் குடுத்துட்டாங்கன்னு நெனைக்கிறேன். சரி, சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருது? அவங்க வீட்டுக்கெல்லாம் சொல்லணும்.”

நான் தரையைப் பார்த்தேன். அவன் சிரிப்பு மெதுவாக நின்றது.

“அக்கா. சனிக்கிழமை விமானம் இருக்குல்ல?”

“இல்லடா.”

“ஞாயித்துக்கிழமையா?”

“பட்டியல்ல உன் பேரை மட்டும்தான் எடுத்தேன்.”

அவன் மனைவி அவன் கையைப் பிடித்தாள். “நீங்க வந்துட்டீங்கல்ல, அது போதும். வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்.” அவன் கையை விடுவித்துக்கொண்டான். முரட்டுத்தனமாக இல்லை, ஆனால் விடுவித்துக்கொண்டான்.

நான் கொட்ட ஆரம்பித்தேன். ஏழாம் பக்கம், வெற்றுத்தாள், இணைப்பு சார் என்று எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். “பதினோரு வருஷமா நம்பினேன்டா அந்த ஆளை. என்னை ஏமாத்திட்டாரு” என்றேன்.

“உன்னை அவரு ஏமாத்துனாரு. சரி. வெல்டர் அண்ணனை ஏமாத்துனது யாரு?”

அவன் நீலப் பையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு அந்தச் சாளரத்துக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன். அடுத்த விமானம் நாளைக் காலை ஏழு மணிக்கு இருக்கிறது என்றார் எழுத்தர். பையை அதில் ஏற்ற முடியுமா என்று கேட்டான்.

“பட்டியல்ல பேரு இருக்கிறவங்க குடுத்தா ஏத்தலாம். உங்க பேரைச் சொல்லுங்க.”

சொன்னான். அவர் கணினியில் தேடினார். “உங்களை நேத்தோட எடுத்துட்டாங்களே. உங்க கையிலேருந்து நான் வாங்க முடியாது. உதவித் துறையிலேருந்து யாராவது சொன்னா ஏத்துறேன்.”

தம்பி திரும்பி வந்து நீலப் பையை என் கையில் கொடுத்தான். ஊசிகளும் மருந்துமாக இருந்தாலும் பெரிய கனமில்லை.

“அவருக்குப் போன் போடு.”

“யாருக்கு?”

“உன் சாருக்குத்தான். வேற யாரு இருக்காங்க?”

இந்த ஜென்மத்தில் பேச்சில்லை என்று நான் சொல்லி இன்னும் இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவருடைய எண்ணை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது போல.

“சொல்லுங்க மேடம். தம்பி நல்லபடியா வந்துட்டாரா?”

அவர் குரலில் இருந்தது உண்மையான சந்தோஷம். பதினோரு வருடமாகக் கேட்ட குரல், எனக்குத் தெரியாதா?

“வந்துட்டான் சார்” என்றேன். தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.